கிந்தாவில் காத்திருப்பேன்

விலா போக்கா
1994 மார்ச் 3

மோரா ஊரின் தையல் மகாராணி பெல்மிராவுக்கு,

டயர் ஒட்டும் அவெலினோ எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கடிதத்தை மோந்து பார், பஞ்சர் பசை வாசனை அடிக்கும்.

என் தோல் சட்டை சௌக்கியமா? போன ஜூலையில் ஃபாரோ மோட்டார் சைக்கிள் பேரணி முடிந்து திரும்பும்போது, உள்துணி கிழிந்துவிட்டது என்று உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. உள்துணி தைக்கிறாயா, இல்லை ஆடு வளர்த்துப் புதிதாகத் தோல் எடுக்கிறாயா? இங்கே எங்கள் கிளப் ஆட்கள் என்னைக் கிழிக்கிறார்கள். கஸ்பார் கேட்கிறான்: "மோட்டார் சைக்கிள்காரன் வண்டியக்கூட இரவல் குடுப்பான்டா, முதுகுச் சட்டைய ஒருத்தர்கிட்ட விட்டுட்டு வருவானா? உனக்கு என்னடா ஆச்சு?" எனக்கு என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஒரு செய்தி. செர்த்தா பக்கத்தில் என் ஞானத்தகப்பனுடைய பண்ணை, அந்தக் கிந்தா இருந்ததே, ஒரு தடவை இரண்டு பேரும் போய் அத்திப்பழம் தின்றோமே, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தவளை நாற்றம் என்றாயே, அதேதான். குளிர்காலத்தில் கிழவர் கண்ணை மூடிவிட்டார். எழுதிவைத்தது என் பெயருக்கு. தவளையும் சேர்த்து.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து பழைய இரண்டாம் நம்பர் ரோட்டில் வளைந்து வளைந்து இறங்கினால் ஒரு நாள். உன் ஊரிலிருந்து ஏறினால் அரை நாள். நடுவில் கிந்தா. ஒரு மூலையில் உன் தையல் மெஷின், இன்னொரு மூலையில் என் டயர் கழற்றும் இரும்பு. சண்டை போடுவதற்கு நடுவில் நிறைய இடம். ஃபாரோ போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பாதிப் பேருக்கு டயர் தேய்ந்திருக்கும், மீதிப் பேருக்குச் சட்டை கிழிந்திருக்கும். நாம் பட்டினி கிடக்க மாட்டோம்.

என்ன சொல்கிறாய்? எழுத்து ஆடுவது குளிரில். வேறு காரணம் கிடையாது.

அவெலினோ

*

மோரா
மார்ச் 14

அவெலினோ,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் கடைப் பலகை மாதிரி இருக்கிறது. ஆரம்பம் முதல் முடிவுவரை எல்லாம் பெரிய எழுத்து. படிக்கப் படிக்க யாரோ காதில் கத்துகிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் பெரிய உருவம் போகச் சின்ன எழுத்து என்று ஒன்று உண்டு. நீ இரண்டாம் வகுப்போடு ஓடிவிட்டதால் அது உன்னை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அடுத்தது, கிந்தா. நாலு அத்தி மரம், பாதிக் கூரை, ஒரு தவளை. இதற்குப் பெயர் பண்ணையா? கிந்தா என்றால் இரும்புக் கதவு இருக்கும், வாசலில் பெயர்ப் பலகை இருக்கும், நாய் குரைக்கும். உன் இடத்தில் குரைப்பதற்கு நாய்க்கே வெட்கமாக இருக்கும். நம் மொழியில் வியாழக்கிழமைக்கும் கிந்தா என்றுதானே பெயர்? இனி எனக்கு எழுதும்போது அந்த வார்த்தைக்கு வியாழக்கிழமை மட்டும்தான் அர்த்தம். அந்த இடிந்த கொட்டகையைக் கொட்டகை என்றே எழுது.

மூன்றாவது விஷயத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நான் விதவையாகி ஒன்பது வருஷம். மூன்று வருஷமாக, ஃபாரோவுக்குப் போகும்போது நீ நோர்பெர்டோவின் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே வந்து ஹாரன் அடிக்கிறாய். நான் வண்டியை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வருகிறேன். ஊர் பார்க்கிறது. பார்க்கட்டும். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு ஒருவனோடு போய்விடுவது வேறு. நீ கேட்டது நிஜமா விளையாட்டா? தவளையைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஒரே குரலில் பேசுகிறாய். இதில் எதை நான் நம்புவது?

ஒரு தடவையாவது விளையாடாமல் கேள்.

சட்டை இன்னும் முடியவில்லை. முடித்தால் அனுப்பிவிட வேண்டியிருக்கும்.

பெல்மிரா

*

விலா போக்கா
ஜூன் 27

பெல்மிரா,

மூன்று மாதமாக ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. கையில் சிமெண்ட். டயர்க்காரன் கையில் எதற்குச் சிமெண்ட் என்றும் கேட்காதே. வந்தால் தெரியும்.

ஃபாரோ இந்த வருஷம் ஜூலை 15, வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. எனக்குப் பதினோராவது. ஒன்றுகூடத் தவறியதில்லை, கை முறிந்த வருஷம் உட்பட. புது நெடுஞ்சாலையில் போனால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்கிறார்கள் பையன்கள். போகட்டும். நான் வழக்கம்போல இரண்டாம் நம்பர் ரோட்டில், கிலோமீட்டர் கல்லுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே இறங்குவேன்.

ஆனால் இந்தத் தடவை நான் வந்து ஹாரன் அடித்து உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். நீயாக வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். கிந்தாவில் காத்திருப்பேன். நீ வந்துவிட்டால், மார்ச்சில் கேட்டதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். வராவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டேன். உன் டயர் வெடித்தால் மட்டும் கடிதம் போடு.

இது விளையாட்டு இல்லை. டயர் வெடிப்பதுகூட விளையாட்டு இல்லை.

சட்டையைக் கொண்டு வா.

அவெலினோ

*

மோரா
ஜூலை 4
(தபால் அட்டை)

சரி. கிந்தாவில் வருகிறேன். சட்டையும் வரும். தாமதம் செய்யாதே, நான் நின்றுகொண்டு காத்திருக்கிற ஆள் இல்லை.

பெ.

*

மோரா
ஜூலை 19

மதிப்பிற்குரிய திரு. அவெலினோ அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பை கட்டியிருந்தேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ரொட்டி வண்டிக்காரன் பார்த்தான். தக்கைப் பட்டை ஏற்றிய லாரிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நோர்பெர்டோ பங்க்கிலிருந்து கத்தினான்: "என்ன பெல்மிரா, கல்லு ஓடிப் போயிரும்னு காவலா?" பதினொரு மணிக்கு, "வடக்குக்காரன் வருவான் வருவான், நமக்கெல்லாம் பல்லு கொட்டறதுக்குள்ள வந்துருவான்" என்றான். ஒரு மணிக்கும் ஏதோ சொன்னான். நாலு மணிக்கு உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட்டுவிட்டுப் போனான். அவன் கேலியை எல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்த நாற்காலியைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிஷ் மலை வளைவில் எங்காவது விழுந்து கிடக்கிறீர்களோ என்று நினைத்தேன். அந்த நினைப்போடு ராத்திரி எப்படிப் போனது என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கால்தெய்ராவ் மலையில் என் சின்ன வண்டி சூடாகி நின்றுவிட்டது. ஓரமாக உட்கார்ந்து அது ஆறுகிறவரை, ஒரு வளைவுக்கு ஒன்று என்று உங்களைத் திட்டினேன். வளைவு நிறைய இருந்தது.

ஃபாரோவில் மூன்று நாளும் பைன் மரத்தடியில், புழுதியில், ஒவ்வொரு கூடாரமாக உங்களைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் முடிந்த பிறகுதான் உங்கள் கிளப் கஸ்பார் கண்ணில் பட்டார். அவெலினோ எங்கே என்று கேட்டேன்.

"அவெலினோவா? இப்பதாங்க பாத்தேன். ஊர்வலத்துல எனக்கு முன்னாடிதான் போனான். தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. பெரிய ஆளாயிட்டான்!"

ஆக, நீங்கள் விழவும் இல்லை, சாகவும் இல்லை. ஃபாரோவில் சுகமாக ஊர்வலம் போயிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் விளையாடியதிலேயே இதுதான் பெரிய விளையாட்டு. ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, மன்னிக்கவும்.

சட்டை தைத்து முடிந்துவிட்டது. தபாலில் வரும்.

இப்படிக்கு,
பெல்மிரா, தையல் கடை

*

விலா போக்கா
ஜூலை 20

பெல்மிரா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். லமேகோ இறக்கத்தில் ஒரு மாட்டுக்கு வழிவிட்டு அரை மணி நேரம் நின்றேன். அது எனக்கு வழி விடவில்லை, உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன். புதன் மத்தியானம் வந்து சேர்ந்துவிட்டேன். தரை பெருக்கினேன். கிணற்றை இறைத்தேன். தவளையைப் பக்கத்து ஓடையில் குடியேற்றினேன், உனக்காக. இரண்டு நாற்காலியை அத்தி மரத்தடியில் போட்டேன். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இப்போது சிமெண்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. மார்ச் கடைசியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய்க்கொண்டிருந்தேன். கூரை போட்டேன். இரும்புக் கதவு வைத்தேன். வாசலில் பலகை எழுதி மாட்டினேன். நீ கேட்டதில் நாய்தான் பாக்கி.

வியாழக்கிழமை ஃபாரோ போகிற வண்டிகள் வரிசை வரிசையாக இறங்கின. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். உன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும், தும்முகிற ஆடு மாதிரி இருக்கும். தெரிந்தும் எழுந்தேன். நான் எழுந்து எழுந்து கை ஆட்டுவதைப் பார்த்துவிட்டுச் சிலர் வண்டியை நிறுத்தினார்கள். "என்ன அண்ணே, அத்திப்பழம் விக்கிறீங்களா?" என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நாலு மரத்துப் பழமும் காலி. சனிக்கிழமை மத்தியானம்வரை உட்கார்ந்தேன். பிறகு முன் சக்கரத்தை வடக்குப் பக்கம் திருப்பினேன். பதினோராவது ஃபாரோ எனக்கு இல்லை.

இதுவரை எனக்குப் புரிந்தது. நீ வரவில்லை, சம்மதம் இல்லை. இனிமேல்தான் புரியவில்லை.

திங்கட்கிழமை கஸ்பார் கடைக்கு வந்து சண்டை போடுகிறான்.

"டேய், ஊர்வலத்துல கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போனியே, காதுல என்ன பஞ்சர் பசையா?"

"நான் ஃபாரோவுக்கே வரலடா."

"யாருகிட்ட கத விடுற? முதுகுல நம்ம ஊர் பேரு, அதுக்கு மேல ஒத்தக் காது ஓநாய். நாட்டுலயே அந்த ஓநாய் ஒண்ணுதான்டா இருக்கு!"

அது உண்மை. என் சட்டை முதுகில் தைத்திருக்கும் அந்த ஓநாய்ப் படத்தில், இஸ்திரிப் பெட்டி பட்டு ஒரு காது கருகியதில் எனக்கும் பங்கு உண்டு. அப்படியானால் என் சட்டை ஃபாரோவுக்குப் போயிருக்கிறது, நான் போகவில்லை. அது யார் முதுகில் போனது, பெல்மிரா?

வர விருப்பமில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். நீயோ வருகிறேன் என்று அட்டை போட்டாய். விளையாடுவது என் வேலை. அதை ஏன் நீ எடுத்துக்கொண்டாய்?

அவெலினோ

*

விலா போக்கா
ஜூலை 23

பெல்மிரா,

உன் கடிதம் வந்தது. என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். போலீஸ்காரன்கூட என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. தபால் ஆபீஸ் அமேலியா அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று. அவரும் அப்படித்தான் படித்தார்.

தலை சுற்றுகிறது. நீ காத்திருந்தாயா? பங்க்கிலா? பங்க்கில் எதற்கு நின்றாய்? வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று எழுதினேனே! கிந்தாவில் என்று எழுதினேனே! நீயும் கிந்தாவில் என்றுதானே பதில் போட்டாய்? நாலு நாள் அங்கேதான் இருந்தேன், தவளையைக் கேட்டுப் பார்.

ஊர்வலத்தில் போனது நான் இல்லை. நீயும் நான்தான் என்கிறாய், கஸ்பாரும் நான்தான் என்கிறான். இன்னும் ஒருவர் சொன்னால் நானே நம்பிவிடுவேன்.

அவெலினோ

*

மோரா
ஜூலை 28

அவெலினோ,

உன் இரண்டு கடிதத்தையும் ஜூன் கடிதத்தையும் துணி வெட்டுகிற மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு மணப்பெண் உடை தைக்காமல் கிடக்கிறது, அவளுடைய அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"கிந்தாவில் காத்திருப்பேன்." நீ எழுதியது பண்ணையை. நான் படித்தது வியாழக்கிழமையை. இடம் வழக்கம்போல பங்க்தான், ஹாரனுக்குக் காத்திராமல் நானாக வந்து நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

பண்ணையின் பெயர் என்றால் முதல் எழுத்து பெரிதாக இருக்கும். கிழமை என்றால் சின்னதாக இருக்கும். நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். நீ எல்லாவற்றையும் பெரிதாகவே போட்டிருக்கிறாய். அதைப் பார்த்து நான் என்ன கண்டுபிடிக்க முடியும்? இதுதான் என் வாதம். எழுதும்போதே மார்ச்சில் நான் எழுதியது ஞாபகம் வந்துவிட்டது. அந்த வார்த்தைக்கு இனி வியாழக்கிழமை மட்டும்தான் அர்த்தம் என்று உத்தரவு போட்டது நான். உத்தரவை மதித்து நடந்ததும் நான் ஒருத்திதான். பாதித் தப்பு என்னுடையது. பாதிதான்.

ஓநாய்ச் சட்டை என் முதுகில்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் அதைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். எடுத்த பிறகு போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. பத்து வருஷம் தவறாமல் போன சட்டை, இந்த வருஷம் பைக்குள் கிடப்பானேன் என்று தோன்றியது. முழங்கால்வரை தொங்கியது. ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் காதில் விழவில்லை. வெயிலில் அதைக் கழற்றிப் பையில் வைத்த பிறகுதான் கஸ்பாரைப் பார்த்தேன். ஆக, ஃபாரோ முழுக்க நான் தேடியது என் முதுகையே.

இதையெல்லாம் நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. கஸ்பார் சொன்னவுடனே நான் நம்பிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அவெலினோ என்னை வெயிலில் நிற்கவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிற ஆள்தான் என்று மனசு உடனே ஒப்புக்கொண்டது. வார்த்தைத் தப்பைத் திருத்திவிடலாம். இதை எப்படித் திருத்துவது? இப்படி நம்புகிறவள் உன்னோடு ஒரே கூரைக்குக் கீழே எப்படி இருப்பாள்?

நீதான் சொல்ல வேண்டும்.

பெல்மிரா

*

விலா போக்கா
ஆகஸ்ட் 5

பெல்மிரா,

சின்ன எழுத்தில் எழுதுகிறேன். அமேலியா அம்மா மத்தியான நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். ஆறு நாள் ஆனது. "டயரு கழட்டுற கைக்கு இவ்வளவு பயமா? பேனா கடிக்காது, புடி" என்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். சின்ன எழுத்தில் எழுதினால் குரலும் சின்னதாகிவிடுகிறது, கத்த முடியவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் விளையாடுவது பயத்தில். ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருக்கும்போது "முடியாது" என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். உன்னை மூன்று வருஷமாகச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தது அதற்காகத்தான். அப்படியே பழகிவிட்டது. நீ வெயிலில் நின்ற நாளை நினைத்தால் எனக்கு எந்த விளையாட்டும் வரவில்லை.

நீ என்னோடு வந்து இருக்க வேண்டும். உன் வீட்டைப் பூட்டச் சொல்லவில்லை, சாவி உன்னிடமே இருக்கட்டும். நான் கடையைக் கஸ்பாரிடம் விட்டுவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் பண்ணையில்தான் இருக்கப் போகிறேன்.

மேற்கு மூலையில் கூரை ஒழுகும். இரண்டு தடவை சரி செய்தும் ஒழுகுகிறது. பிறகு சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். தவளையும் திரும்பி வந்துவிட்டது.

அவெலினோ

*

மோரா
ஆகஸ்ட் 11

அவெலினோ,

உன் சின்ன எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். ஒரு இடத்தில்கூட சிரிக்கவில்லை. கடைசியில் தவளை வந்ததும் சிரித்துவிட்டேன். அது உன் தப்பு இல்லை, தவளையின் தப்பு.

கிந்தா, கிந்தாவுக்கு வருகிறேன். முதலாவது சின்ன எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு படி. இன்னும் குழப்பம் வரக்கூடாது என்பதால் தேதியும் போடுகிறேன், ஆகஸ்ட் 18. இந்தக் கடிதம் கிடைத்ததும் இதை அமேலியா அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டு.

பங்க்கில் பெட்ரோல் போட்டு வைக்கப் போனேன். நோர்பெர்டோ அந்த நாற்காலியைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "எடுத்துட்டுப் போ பெல்மிரா. அங்கயும் போய் நின்னுட்டே இருக்கப் போற." கொண்டுவருகிறேன். மேற்கு மூலையில் போட்டு, மழை நாளில் உன்னை அதில் உட்காரவைப்பேன்.

இந்த வருஷத்து ஃபாரோ பேட்ச் இரண்டு வாங்கியிருந்தேன். உனக்கு எதற்கு வாங்குகிறோம் என்று தெரியாமலேதான் வாங்கினேன். உன் சட்டையில் இடது மார்பில் தைத்துவிட்டேன். சட்டை போனது உண்மைதானே.

அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். ஆனால் ஓநாய் முதுகில் இருக்கிறது. நான் திரும்பிப் போனால்தான் அது உன் கண்ணில் படும். படாதபடி நடந்துகொள்.

பெல்மிரா